பாசிக்குள் இருப்பது மாவுக் கிடங்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சில வாரங்களுக்கு முன் பச்சைப்பாசிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. இடைநிலைப்பள்ளியில் உயிரியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கும் எங்கள் பிள்ளைகள் அதே செய்தியைத் தாய்மொழியில் ஒருமுறை படித்துத் தெளிவு பெறுவதற்கு அந்தப் பக்கம் பெருந்துணையாக இருப்பதால், நான் அதை வாரந்தவறாமல் கத்தரித்துக் கோப்பில் சேர்த்து வைத்து, சனிக்கிழமை வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். அக்கட்டுரையும் பெரும்பகுதி நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. ஒரு வரி மட்டும் பிழை. பாசியின் உயிரணுவில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சைநிற உறுப்பான பசுங்கணிகத்துக்குள் காணப்படும் பைரினாய்டு என்ற உருண்டையான அமைப்பை, ‘பாசி தன் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும் கிடங்கு’ என்று கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தார். அந்த வரியைத் திருத்தி வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் மீது எனக்கு வருத்தமில்லை. என் ஆசிரியப் பணிக்காலத்தில் நானும் இதே வரியைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொன்னவள்தான். கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்கள் சிலவற்றில் இன்றும் அது அப்படியே இருக்கிறது. ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்கும், ஓர் ஆசிரியரின் குறிப்பேட்டிலிருந்து அடுத்தவரின் குறிப்பேட்டுக்கும் கைமாறிக்கொண்டே வந்ததால், அது பிழையென்று யாருக்கும் தோன்றாமலே போய்விட்டது. எனக்கும் அதைச் சுட்டிக்காட்டியவள் ஒரு மாணவிதான்.

குளுவாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இப்போது பால்மரத்தைவிடச் செம்பனையே அதிகம். நான் வகுப்பு நடத்தும் கோயில் மண்டபத்துக்குப் பின்னாலும் செம்பனைதான். இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே ஒரு வாய்க்கால் போகிறது. மழை ஓய்ந்து வெயிலடிக்கும் நாள்களில், நீர் ஓட்டமின்றித் தேங்கி நிற்கும் இடத்தில் ஸ்பைரோகைரா பாசி பச்சைப் பட்டுநூலைப் பிரித்துப் போட்டாற்போல மிதக்கும்; கையால் அள்ளினால் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போகும். அதில் ஒரு சிட்டிகையைப் பிள்ளைகள் தகரக் குவளையில் எடுத்து வந்தார்கள். நான் ஓய்வுபெற்றபோது பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கித் தந்த நுண்ணோக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. நானூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டக்கூடியது. இரண்டு மூன்று இழைகளைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, மூடுகண்ணாடியின் ஒரு விளிம்பில் நீர் கலந்து நீர்த்த அயோடினை ஒரு துளி வைத்து, எதிர் விளிம்பில் செய்தித்தாள் துண்டை ஒற்றினோம். தாள் நீரை உறிஞ்ச உறிஞ்ச, அயோடின் மெல்ல உள்ளே நகர்ந்து இழைகளைத் தொட்டது.

ஸ்பைரோகைராவின் பசுங்கணிகம் ஒரு நாடாவைப்போல உயிரணுவின் உட்சுவரை ஒட்டிச் சுருள்சுருளாகச் செல்லும். அந்த நாடாவின் நெடுகிலும் மணி கோத்ததுபோல் இடைவெளி விட்டு நிற்கும் உருண்டைகளே பைரினாய்டுகள். அயோடின் பட்டதும் ஒவ்வோர் உருண்டையும் கருநீலமாக மாறத் தொடங்கியது. நான்காம் படிவத்தில் படிக்கும் ஒரு மாணவி, அதே தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளியின் மகள், வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்: “டீச்சர், இது மாவு சேர்த்து வைக்கிற இடம்னா மாவு உள்ளதானே இருக்கணும்? இது சுத்தி வளையமா நிக்குது. நடுவுல நீலமே இல்லையே, லேசா மஞ்சளாதானே தெரியுது?”

நான் குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. கருநீலம் ஓரத்தில் வளையமாக நின்றது. நடுப்பகுதி நீலம் ஏறாமல் வெளிறிய மஞ்சளாக இருந்தது. அயோடின் மாவுச்சத்தைக் கருநீலமாக்கும், புரதத்தை மஞ்சளாக்கும் என்பது அவளுக்குத் தெரியும். சுவரெல்லாம் அரிசி மூட்டையாகவும், உள்ளே ஒரு மணி அரிசிகூட இல்லாமலும் ஒரு கட்டடம் இருந்தால், அதை அரிசிக் கிடங்கு என்று எப்படிச் சொல்வது? எத்தனையோ ஆண்டுகள் அதே உருண்டைகளைப் பார்த்திருந்தும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. அன்று மாலையே தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் உறுதியானவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

நடுவில் மஞ்சளாகத் தெரிந்த பொருள் பெரும்பாலும் ஒரே ஒரு நொதியால், அதாவது வேதிவினையை நடத்திவைக்கும் ஒரு புரதத்தால் ஆனது. அதன் பெயர் ருபிஸ்கோ. காற்றிலும் நீரிலும் உள்ள கரிவளியை (கார்பன் டை ஆக்சைடை) பிடித்து, உயிர்ப்பொருளாக மாறக்கூடிய கரிமச் சேர்மத்தில் இணைக்கும் வேலையை ஒளிச்சேர்க்கையில் செய்வது இந்த நொதியே. நாம் உண்ணும் சோற்றிலுள்ள கரிமமும், செம்பனை எண்ணெயிலுள்ள கரிமமும், பால்மரத்துப் பாலிலுள்ள கரிமமும் ஒருகாலத்தில் இந்த நொதியின் கைப்பட்டவைதாம். இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் நொதி வேகமானதாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். உண்மையில் அது மிக மெதுவானது. வேகமான கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதிகள் நொடிக்குப் பத்து லட்சம் மூலக்கூறுகளைக் கையாளக்கூடியவை. ருபிஸ்கோ ஒரு நொடியில் கையாளும் கரிவளி மூலக்கூறுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்துடன் அதற்கு வேறொரு குறையும் உண்டு. கரிவளிக்குப் பதிலாகச் சில வேளைகளில் உயிர்வளியை (ஆக்சிஜனை) பிடித்துவிடும். அப்படிப் பிடித்தால் பயன் இல்லாததோடு, அந்தத் தவற்றைச் சரிசெய்யவும் தாவரம் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கும். வெப்பம் கூடக் கூட இத்தவறும் கூடுகிறது என்பது நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் வாழ்கிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

நிலத்தில் வளரும் செடிக்கே இந்தத் தொல்லை என்றால், நீருக்குள் வாழும் பாசியின் நிலை இன்னும் கடினமானது. கரிவளி காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மேலும், நடுநிலையான நீரிலும் சற்றே காரத்தன்மை கொண்ட நீரிலும் அது பெரும்பாலும் பைகார்பனேட்டாக மாறிக் கரைந்து கிடக்கிறது. ருபிஸ்கோவால் பைகார்பனேட்டைப் பயன்படுத்த முடியாது. ஆகவே பாசி ஒரு வழி செய்துகொண்டிருக்கிறது. பைகார்பனேட்டை உள்ளே இழுத்து, அதைப் பைரினாய்டின் நடுப்பகுதிவரை கொண்டுசென்று, அங்கே மீண்டும் கரிவளியாக மாற்றி, காத்திருக்கும் ருபிஸ்கோவின் நடுவில் விட்டுவிடுகிறது. சுற்றிலும் கரிவளியே செறிந்திருக்கும்போது அந்த மெதுவான நொதியும் தன்னால் இயன்ற முழு வேகத்தில் வேலை செய்கிறது. உயிர்வளியைத் தவறாகப் பிடிக்கும் வாய்ப்பும் குறைகிறது.

இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்து பார்த்தது கிளாமிடோமோனஸ் என்ற ஒற்றை உயிரணுப் பாசியில்தான். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவே உள்ள அந்த உயிரணுவில் பைரினாய்டு ஒன்றே ஒன்றுதான். ஒளியை வாங்கும் தைலகாய்டு சவ்வுகள் குழாய்களாக நீண்டு பைரினாய்டைத் துளைத்துக்கொண்டு அதன் உள்ளே செல்கின்றன. அக்குழாய்களின் உட்புறம் அமிலத்தன்மை கொண்டது. அங்கே உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி பைகார்பனேட்டைக் கரிவளியாக மாற்றுகிறது. கரிவளி குழாயின் சவ்வைக் கடந்து வெளியே கசிந்ததும் ருபிஸ்கோ அதைப் பிடித்துக்கொள்கிறது. கரிவளி குறைந்த சூழலில் அந்த உயிரணுவிலுள்ள ருபிஸ்கோவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இந்தச் சிறு உருண்டைக்குள் குவிந்துவிடுகிறது. இப்படிப் பிடிபட்ட கரிமம் மூன்று கரிம அணுக்களைக் கொண்ட சேர்மமாகப் பைரினாய்டைவிட்டு வெளியேறி, பசுங்கணிகத்தின் மற்றப் பகுதியில் சர்க்கரையாக உருமாறி, அதில் ஒரு பங்கு பைரினாய்டின் வெளிப்புறத்தில் மாவுச்சத்துத் தகடுகளாகப் படிகிறது. அந்தத் தகடுகளைத்தான் அந்தப் பிள்ளை கருநீல வளையமாகப் பார்த்தாள்.

அப்படியானால் அந்தத் தகடுகள் எதற்கு? இங்கேதான் ‘கிடங்கு’ என்ற சொல் பிள்ளைகளைத் தவறான வழிக்குக் கொண்டுபோகிறது என்று நான் கருதுகிறேன். மாவுச்சத்து என்றாலே உணவு, உணவு என்றாலே சேமிப்பு என்று நம் மனம் உடனே முடிச்சுப் போட்டுவிடுகிறது. மலாய்ப் பாடநூல்களில் மாவுச்சத்துக்குக் ‘கஞ்சி’ என்றே பெயர். தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொல் அது. எங்கள் பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பாடத்தில் காணும்போது காய்ச்சல் நாளில் அம்மா ஆற்றிக் கொடுக்கும் கஞ்சியைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் அதே கஞ்சிக்கு இன்னொரு பயனும் நம் வீடுகளில் இருந்தது. பால்மரம் வெட்டிவிட்டு வந்த கையோடு என் அம்மா மரவள்ளிக்கிழங்கைத் துருவி, துணியில் வடிகட்டி, அடியில் வெள்ளையாகப் படியும் மாவைக் காய்ச்சி என் பள்ளிச் சீருடைக்குப் போடுவார். காய்ந்ததும் சட்டை அட்டைபோல் விறைத்து நிற்கும். மாவுச்சத்து வயிற்றுக்கு மட்டும் உரியதன்று, ஒரு பொருளை விறைப்பாக்கித் தடுப்பாக நிறுத்தவும் அது பயன்படும் என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. பைரினாய்டைச் சுற்றியுள்ள மாவுத் தகடுகளும், அரும்பாடுபட்டு உள்ளே கொண்டுவந்து சேர்த்த கரிவளி வெளியே கசிந்து போகாமல் தடுக்கும் சுவராகவே வேலை செய்கின்றன.

இதற்குச் சான்று என்ன என்று கேட்கும் உரிமை வாசகர்களுக்கு உண்டு. எனக்கு மிகவும் தெளிவாகப்பட்ட சான்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. கிளாமிடோமோனஸ் பாசியைக் கரிவளி நிறைந்த காற்றில் வளர்த்தால், அது மாவுச்சத்தைப் பசுங்கணிகத்தின் பிற இடங்களில் ஆங்காங்கே மணிகளாகச் சேர்த்து வைக்கிறது. அதே பாசியைச் சாதாரணக் காற்றுக்கு, அதாவது கரிவளி குறைந்த சூழலுக்கு மாற்றியதும், பைரினாய்டைச் சுற்றி மாவுச்சத்து உறை உருவாகிறது. கிடங்காக இருந்தால் விளைச்சல் மிகுந்த நாளில்தானே நிரம்ப வேண்டும்? இது பஞ்ச காலத்தில் எழும்புகிறது. கரிமம் கிடைப்பது அரிதாகிவிட்ட நேரத்தில், கையிலுள்ள கரிமத்தையே எடுத்து ஒரு பாசி சுவர் கட்டுகிறது என்றால், அந்தச் சுவர் அதற்கு எவ்வளவு இன்றியமையாததாக இருக்க வேண்டும் என்பதை மாணவர்களே ஊகித்துக்கொள்வார்கள்.

இதற்கு மாறான முடிவும் ஒருகாலத்தில் வந்தது. அதை மறைப்பது முறையாகாது. மாவுச்சத்தையே உண்டாக்க இயலாத ஒரு பாசி வகையை வைத்து 1990களில் செய்த ஆய்வில், உறை இல்லாமலும் கரிவளியைச் செறிவாக்கும் வேலை நடப்பதாகத் தெரிந்தது. அதனால் அந்த உறைக்கு முக்கியத்துவம் இல்லை என்று சிலகாலம் கருதப்பட்டது. பின்னர் 2020இல் ஜப்பானில் மீண்டும் இதை எடுத்து, கரிவளியை மிக மிகக் குறைத்துச் சோதித்தபோது, உறை இல்லாத பாசிகள் பின்தங்கின. கசிந்து வெளியேறும் கரிவளியைத் திரும்பப் பிடிக்க உதவும் ஒரு புரதம் பைரினாய்டைச் சுற்றித் தன் உரிய இடத்தில் நிற்பதற்கும் அந்த உறை தேவைப்படுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. 2022இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் கணக்கீட்டு முறையில் இந்த அமைப்பு முழுவதையும் ஆராய்ந்து, கசிவைத் தடுக்கும் தடுப்பு ஒன்று இல்லாமல் இது சிக்கனமாக இயங்காது என்று காட்டினார்கள்.

பிற பாசிகளைப் பார்த்தாலும் ‘கிடங்கு’ என்ற விளக்கம் நிற்பதில்லை. சிவப்புப்பாசிகள் பலவற்றில் பைரினாய்டு உண்டு. ஆனால் அவற்றின் மாவுச்சத்து பசுங்கணிகத்துக்கு வெளியேதான் சேர்கிறது. கடலில் பெருந்திரளாக வாழும் டையாட்டம்களுக்கும் பைரினாய்டு உண்டு. அவை மாவுச்சத்தைச் செய்வதே இல்லை, வேறொரு வகைச் சர்க்கரைச் சேர்மத்தை வேறிடத்தில் வைத்துக்கொள்கின்றன. அவற்றின் பைரினாய்டைப் புரதத்தாலான ஓடு ஒன்று மூடியிருக்கிறது என்பது 2024இல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. மாவுச்சத்தே இல்லாத உயிரிக்கு மாவுக் கிடங்கு எதற்கு? சுவர் எதனால் ஆனது என்பது உயிரிக்கு உயிரி மாறுகிறது. உள்ளே ருபிஸ்கோ குவிந்திருப்பது மாறுவதில்லை.

இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதில் யாருடைய அலட்சியமும் இல்லை. ஜெனீவாவைச் சேர்ந்த வோஷே என்பவர் 1803இலேயே பாசிகளுக்குள் இந்த உருண்டைகளைக் கண்டு எழுதினார். 1882இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்மிட்ஸ் இவற்றுக்குப் பைரினாய்டு என்று பெயரிட்டார்; பழத்தின் கொட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சதை சூழ்ந்த கொட்டைபோல மாவு சூழ்ந்த ஒரு கரு என்று அவர் கண்டது இன்று பார்த்தாலும் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கொட்டை எதனால் ஆனது என்று அறியும் கருவிகள் அன்று இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது அயோடினில் நிறம் மாறும் மாவுதான். ஆகவே மாவு தொடர்பான உறுப்பு என்றும், சேமிப்பு என்றும் எழுதிவைத்தார்கள். 1971இல் ஹோல்ட்ஸ்வர்த் என்பவர் எரிமோஸ்பேரா என்ற பச்சைப்பாசியின் பைரினாய்டுகளைத் தனியே பிரித்தெடுத்து, அவற்றின் புரதத்தில் கரிவளியைப் பிடிக்கும் நொதி இருப்பதைக் காட்டினார். 1980களில், ருபிஸ்கோவோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதங்களில் தங்கத் துகள்களை இணைத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, துகள்கள் பைரினாய்டின் நடுவிலேயே மொய்த்துக் கிடந்தன. அதன்பின் ஐயத்துக்கு இடமில்லை. அறிவியல் திருத்திக்கொண்டது; நம் குறிப்பேடுகள் திருத்திக்கொள்ளவில்லை.

அண்மைக்கால ஆய்வுகளில் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. சவ்வு எதுவும் சூழாத இந்த உருண்டை எப்படிக் கலைந்துபோகாமல் நிற்கிறது என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 2016இல் எபிக்-1 என்ற புரதம் அடையாளம் காணப்பட்டது. நீண்ட நூல் போன்ற அந்தப் புரதத்தில் ருபிஸ்கோவைப் பற்றிக்கொள்ளும் இடங்கள் ஐந்து, சீரான இடைவெளியில் இருக்கின்றன. ஒரு நூல் பல ருபிஸ்கோக்களையும், ஒரு ருபிஸ்கோ பல நூல்களையும் பிடித்துக்கொள்வதால் எல்லாம் ஒன்றாகத் திரள்கின்றன. 2017இல் வெளியான ஆய்வு இன்னொரு வியப்பைத் தந்தது: பைரினாய்டு கெட்டியான பொருளே இல்லை, எண்ணெய்த் துளியைப்போல உள்ளுக்குள் கலந்துகொண்டே இருக்கும் நீர்மம். உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதுவும் ஒரு துளி இரண்டாவதுபோலப் பிரிகிறது. அதில் ஒரு பகுதி கரைந்து மீண்டும் துளியாகத் திரள்வதும் உண்டு. மழைநாளில் செம்பனை ஆலையின் வாசலில் தேங்கும் நீரில் எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்வதையும் பிரிவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்குவது கடினமே இல்லை. எபிக்-1, ருபிஸ்கோ ஆகிய இரண்டையும் தூய்மையாகப் பிரித்தெடுத்துச் சோதனைக்குழாயில் கலந்தாலே துளிகள் தாமாக உருவாகின்றன என்பதை 2018இல் காட்டியவர்கள் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார். குளுவாங்கிலிருந்து ரயிலேறிப் பாலத்தைக் கடந்தால் போய்ச் சேர்ந்துவிடும் தொலைவு. அங்கே நடக்கும் ஆய்வு இங்குள்ள பிள்ளையின் தமிழ்க் குறிப்பேட்டை எட்டவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

ஒரு பாசியின் உள்ளே உள்ள உருண்டைக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று யாரும் எண்ணலாம். உலகில் உயிரிகள் நிலைநிறுத்தும் கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பைரினாய்டுகளின் வழியே நிகழ்வதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. கடல் முழுவதிலும் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் பாசிகள் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. மெர்சிங் கரைக்கு அப்பால் உள்ள தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகளுக்கு உணவூட்டும் நுண்பாசிகளுக்குள்ளும் பைரினாய்டு உண்டு. மருந்துக்கடைகளில் புட்டியில் விற்கும் குளோரெல்லா மாத்திரைகள் பலவற்றின் மேலுறையில் ‘குளோரெல்லா பைரினாய்டோசா’ என்று அச்சிட்டிருப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். 1903இல் அந்தப் பாசிக்குப் பெயர் வைத்தபோது, இந்த உருண்டையைக் கொண்டே வைத்தார்கள். ஒளிச்சேர்க்கையில் கரிமம் செல்லும் பாதையைக் கண்டறிந்ததற்காக மெல்வின் கால்வினுக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் அதற்குப் பயன்படுத்தியவை குளோரெல்லாவும் செனடெஸ்மஸும் ஆகிய பச்சைப்பாசிகளே.

நெல்லுக்கோ செம்பனைக்கோ பால்மரத்துக்கோ பைரினாய்டு கிடையாது. நிலத் தாவரங்களில், ஈரமான களிமண் கரைகளில் தரையோடு ஒட்டி வளரும் ஆந்தோசெரோஸ் இனத்தவற்றுள் பலவற்றுக்கு மட்டுமே அது வாய்த்திருக்கிறது. மற்றவற்றில் ருபிஸ்கோ பசுங்கணிகம் முழுவதும் சிதறிக் கிடந்து, கிடைக்கும் கரிவளியைக் கொண்டு சமாளிக்கிறது. பயிர்களுக்கும் பைரினாய்டு ஒன்றை அமைத்துக் கொடுத்தால் விளைச்சல் கூடுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. எடின்பரோ பல்கலைக்கழகத்தார் 2020இல் அராபிடோப்சிஸ் என்ற சிறு செடியில் எபிக்-1 புரதத்தையும் பாசியின் ருபிஸ்கோவில் ஒரு பகுதியையும் சேர்த்தபோது, செடியின் பசுங்கணிகத்துக்குள் ருபிஸ்கோ துளியாகத் திரண்டது. செடி முன்பைவிட வேகமாக வளரவில்லை. துளி மட்டும் இருந்து, கரிவளியைக் கொண்டுவரும் வழியும் கசிவைத் தடுக்கும் சுவரும் இல்லாதபோது வளர்ச்சி கூடும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆகவே 2024இல் அவர்கள் அடுத்து முயன்றது என்ன தெரியுமா? அந்தத் துளியைச் சுற்றி மாவுச்சத்தைப் படியவைக்கும் பாசிப் புரதங்கள் இரண்டைச் செடிக்குள் சேர்த்தார்கள். துளியைச் சுற்றி மாவு படிந்தது. உலகின் தேர்ந்த ஆய்வகம் ஒன்று மாவுச்சத்தைச் சுவராக எழுப்ப முயன்றுகொண்டிருக்கும் வேளையில், அதைக் கிடங்கு என்று நம் பிள்ளைகள் தேர்வில் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு வேறு எப்படிச் சொல்வது என்று கேட்டால், தோட்டத்துப் பிள்ளைக்கு ஆலையைக் காட்டிச் சொல்லலாம் என்பேன். குலை ஆலைக்குள் போகிறது, அங்கே எண்ணெயாகிறது, எண்ணெய் வேறு தொட்டிக்குப் போகிறது. ஆலையையும் தொட்டியையும் ஒன்றென்று இங்குள்ள எட்டு வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. ‘பைரினாய்டு என்பது பாசியின் பசுங்கணிகத்துக்குள் ருபிஸ்கோ நொதி செறிந்து நின்று கரிவளியை நிலைநிறுத்தும் இடம், பச்சைப்பாசிகளில் அதைச் சுற்றி மாவுச்சத்துத் தகடுகள் உறையாக அமைந்து கரிவளி கசியாமல் தடுக்கின்றன’ என்று எழுதினால் போதும். பழைய வரியைவிட இது சற்று நீளந்தான். ஆனால் நான் அதைக் கரும்பலகையில் எழுதியபோது, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர்கூட விளக்கம் கேட்கவில்லை. எல்லோரும் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

அந்தச் சோதனையைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. அயோடினைக் கடையில் வாங்கிய செறிவிலேயே ஊற்றிவிட்டால் உருண்டை முழுவதும் கறுத்துப்போய் நடுப்பகுதி தெரியாது. தேயிலைச் சாயம்போல் வெளிறும்வரை நீர் கலந்து, ஒரு துளி மட்டும் விட்டு, நிறம் ஏற ஏறப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த பாசியை நண்பகலுக்குப் பின் எடுப்பது நல்லது. இரவெல்லாம் குவளையில் வைத்திருந்ததில் மாவு குறைந்திருக்கும்.

தாங்கள் திருத்தத்தை வெளியிடும்போது பயன்படட்டும் என்று, அந்த மாணவி நுண்ணோக்கியில் கண்டதைக் கண்டபடியே வரைந்த படத்தை அவளுடைய பெற்றோரின் இசைவோடு இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். பச்சை நாடாவின்மேல் ஏழு உருண்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நீலத்தை ஓரத்தில் மட்டுமே தீட்டி, நடுவில் மஞ்சள் பென்சிலால் மெல்லத் தேய்த்திருக்கிறாள். அச்சில் வண்ணம் சேர்க்கும் அன்பர்கள் அந்த மஞ்சளைப் பிழையென்று எண்ணி நீலத்தால் நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
குளுவாங், ஜொகூர்.